ஒட்டுக்குக் கீழே விட்ட கொப்பு

எங்கள் வீட்டு வாசலில் ஒரு மல்பெரி மரம் நிற்கிறது. கூரையை எட்டிப் பிடிக்கிற உயரம், நேரான உடம்பு. ஹந்தானை மலைப் பக்கம் ஏறிப் போகிறவர்கள் நின்று பார்த்து, நல்ல மரம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. அந்த இடத்தில் நிற்க வேண்டியது வேறு மரம்.

என் மனைவி வாங்கி வந்தது தொங்கு மல்பெரி. பேராதனை வீதியோரப் பூக்கன்றுக் கடையில் கண்டவள், வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல ஓட்டோவில் ஏற்றிவிட்டாள். நெஞ்சளவு உயரத்தில் ஒரு தண்டு. அதன் உச்சியில் ஒட்டுப் போட்ட முடிச்சு. முடிச்சிலிருந்து நாலைந்து கொப்புகள் கீழே பார்த்துத் தொங்கின. அவ்வளவுதான் மரம். வாசலில் வைக்கிற மரமா இது, தலைவிரி கோலமாக நிற்கிறதே என்று கேலி செய்தேன். அன்றிலிருந்து அதற்குத் தலைவிரிச்சான் என்றே பெயர்.

ஆனால் அவள் கைபட்டதும் அந்தத் தலைவிரிச்சான் அழகாகத்தான் வந்தது. பொங்கல் கழிந்து மழை விட்டதும் வெட்டுவாள். வெளியே நின்று வெட்டமாட்டாள். ஒரு முக்காலியைக் கொண்டுபோய்க் கொப்புகளுக்கு உள்ளே போட்டு உட்கார்ந்துகொள்வாள். வெளியிலிருந்து பார்த்தால் அவளுடைய கால்கள் மட்டும் தெரியும். ஒன்றோடொன்று உரசுகிற கொப்புகளை முதலில் எடுப்பாள். பிறகு உள்ளே இருட்டில் காய்ந்தவை. கடைசியாக நுனிகள். வெளிப்பக்கம் பார்க்கிற மொட்டுக்கு மேலே வெட்டினால் கொப்பு கொஞ்சம் எழும்பி வளைந்து விழுமாம். தரையைத் தொட விடமாட்டாள். மழைச் சேறு தெறித்தால் இலையில் பூஞ்சணம் பிடிக்கும் என்பாள். வேலை முடிந்தும் வெளியே வரமாட்டாள். பிளேன்டீயை உள்ளே நீட்டச் சொல்லி அங்கேயே உட்கார்ந்து குடிப்பாள். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கப் பிள்ளைகளோடு கத்திவிட்டு வருகிறவளுக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. நான் அதற்குள் ஒரு நாளும் போய் உட்கார்ந்ததில்லை.

அவளுக்கு நோய் வந்து மருந்து ஏற்றத் தொடங்கியதும் முடி கொட்டிவிட்டது. அதன் பிறகு தலைவிரிச்சான் என்ற சொல் என் வாயில் வரவில்லை. ஒரு நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவளேதான் கேட்டாள்.

"ஏன், இப்பல்லாம் தலைவிரிச்சானப் பத்திப் பேச்சையே காணோம்? வெட்டினீங்களா?"

"வெட்டினேன்" என்றேன். பொய். இரண்டு வருடம் அந்த மரத்தை யாரும் தொடவில்லை.

அவள் போன அன்று வாசலில் தறப்பாள் பந்தல் கட்ட வந்தவர்கள் ஒரு பக்கக் கயிற்றை அந்த மரத்தில் கட்டினார்கள். அன்றைக்கு நல்ல மழை. தறப்பாளில் தண்ணீர் தேங்கி இழுத்ததில் பெரிய கொப்புகள் இரண்டு பிய்ந்து போயின. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். யாரையும் அவிழ்க்கச் சொல்லத் தோன்றவில்லை.

கருமாதி முடிந்து எல்லோரும் போனார்கள். என் மாமனார் மட்டும் போகவில்லை. கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் காலம் முழுக்கத் தேயிலைக்குக் கவாத்து வெட்டியவர் அவர். தோட்டத்து ஓரறை லயத்து வீட்டில் மகன் குடும்பம் பெருகி, அவருக்குப் படுக்க இடம் இல்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, வீடு காலியாகத்தான் கிடந்தது. இருங்கள் என்று நான் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. தன் பையை அலுமாரிக்குள் வைக்காமல் கதவோரத்திலேயே வைத்திருந்தார்.

எங்கள் இரண்டு பேருக்கும் பேசிப் பழக்கமில்லை. அவள் இருந்தவரை அவள் வழியாகத்தான் பேச்சு. "அப்பா மாத்திரை போட்டாரான்னு கேளு" என்பேன். "மாப்புளைக்கு இன்னும் கொஞ்சம் சோறு வையி" என்பார் அவர். அவள் சிரித்துக்கொண்டே இரண்டு பக்கமும் சொல்வாள். எனக்கு வாய் நீளம் என்று அவள் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவன், நாள் முழுக்க ஆட்களோடு பேசுகிறவன். ஆனால் மாமனாரோடு ஒரே வீட்டில் தனியாக விடப்பட்டபோது, சாப்பாட்டு மேசையில் கரண்டிச் சத்தம்தான் கேட்டது.

ஒரு நாள் காலையில் மரத்தடியில் நின்றிருந்தார். இலையெல்லாம் புள்ளி விழுந்து சுருண்டு கிடந்தது. கொப்புகள் சேற்றில் புரண்டன, தண்டு முழுக்கப் பாசி.

"எம் புள்ள வச்ச மரம் செத்துக்கிட்டிருக்கு மாப்புள" என்றார். "கவாத்து வெட்டுனா பொழச்சுக்கும். நான் வெட்டட்டுங்களா?"

அவராகக் கேட்ட முதல் காரியம் அது. சரி என்றேன்.

பையிலிருந்து கவாத்துக் கத்தியை எடுத்தார். மகள் சாவுக்கு வந்த மனிதர் அதையும் பையில் போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார். ஒரே வீச்சில் ஒரு கொப்பு, வெட்டு வாய் சரிவாக, நார் பிரியாமல். மேல் கொப்புகள் முழுவதையும் முடிச்சை ஒட்டிக் கட்டைகளாகக் குறைத்தார். பாசியைச் சுரண்டி எடுத்தார். முடிச்சுக்குக் கீழே, தண்டின் பக்கத்திலிருந்து ஒரு கொப்பு மட்டும் நேராக மேலே போயிருந்தது. மரத்தில் தெம்பாக இருந்தது அது ஒன்றுதான். அதைத் தொடவில்லை.

"அத ஏன் விடுறீங்க?" என்று கேட்டேன்.

"மூச்சு விட ஒரு கொப்பு வேணும். நோஞ்சான் செடிய மொத்தமா வெட்டிட்டா வேரு பட்டினி கெடந்து செத்துரும். தேயிலைக்கு அப்படித்தான்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அன்று இரவு அவர் இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன்.

கட்டைகளில் மொட்டு முளைவிட்ட நேரத்தில் உரம் வாங்கப் பூக்கன்றுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சிங்களவர், தமிழும் பேசுவார். வெட்டிய விதத்தைச் சொன்னதும் முதலில் கேட்டது அந்த முடிச்சைத்தான்.

"முடிச்சுக்குக் கீழ கொப்பு இருக்கா மாத்தையா?"

"ஒண்ணு இருக்கு. நேரா போகுது."

"அத இன்னைக்கே வெட்டணும். அது வேற மரம். கீழ் மரம். விட்டா மேல உள்ளத சாப்பிட்டிரும்."

மேலே ஒட்டியது ஒரு மரம், கீழே தாங்குவது இன்னொரு மரம் என்று எனக்கு அதுவரை புத்தியில் ஏறவில்லை. பஸ்ஸில் வரும்போதே எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்தால் மாமா அந்த நேர்க் கொப்புக்கு ஒரு கம்பு நட்டு, காற்றில் முறியாமல் சீலைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தார். கிழிந்துபோன அவளுடைய பழைய சீலை அது.

"பாத்தீங்களா, புள்ள மரம் நிமிந்துருச்சு" என்றார். அந்த முகத்தை அவள் போன பிறகு நான் பார்த்ததே இல்லை.

உங்கள் மகளின் மரத்தை நீங்களே கொல்கிறீர்கள் என்று அந்த முகத்துக்கு எப்படிச் சொல்வது? உரப் பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன். நாளைக்கும் அப்படியேதான் ஆனது.

கட்டைகளில் இலை விரிந்தது. அவளுடைய மரத்தின் இலை வழுவழுப்பாக வட்டமாக இருந்தது. நேர்க் கொப்பின் இலை வெண்டை இலை மாதிரி பிளந்து கிடந்தது. இனி நான் சொல்லாமலே அவருக்குப் புரியும் என்று காத்திருந்தேன். அவர் வாயே திறக்கவில்லை. கண்ணில் புரை விழுந்த மனிதர், தெரியவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். நேர்க் கொப்பு கைப்பிடி தடிப்புக்கு வந்தது. தொங்கு கொப்புகள் முழ நீளத்தோடு நின்று மஞ்சளடித்தன.

ஒரு வெள்ளிக்கிழமை மாமா கோயிலுக்குப் போன நேரம். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். காற்றில் முறிந்தது என்று சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். நேர்க் கொப்பில் கத்தரியை வைத்தும் விட்டேன். கேட் சத்தம் கேட்டது. மழை வருகிறது என்று மாமா பாதி வழியில் திரும்பிவிட்டார். திருட்டுத்தனம் தெரியக்கூடாதென்று, மரத்தைச் சும்மா சுத்தம் செய்கிறவன் போல, கைக்கு எட்டிய முதல் கொப்பை வெட்டினேன். அது தொங்கு கொப்பு. இருந்தவற்றில் பச்சையாக இருந்ததும் அதுதான்.

மாமா குடையை மடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ம்... அதுவுஞ் சரிதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு நான் கத்தரிக்கோலைத் தொடவில்லை. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் முடிச்சுக்கு மேலே எல்லாம் காய்ந்துவிட்டது. நேர்க் கொப்புதான் மரம் என்றானது.

இந்த வருடம் அது காய்த்தது. பழம் விழுந்து வாசலெல்லாம் கறை, காயப்போட்ட என் வெள்ளைச் சட்டையிலும் கறை. சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"இந்தச் சனியன வெட்டித் தொலைக்கணும்!"

விறாந்தையில் கதிரையில் உட்கார்ந்திருந்த மாமா டீக் கோப்பையை வைத்தார்.

"வெட்டுறதுன்னா வெட்டுங்க. இது புள்ள மரம் இல்லயே."

எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"மேல எல விரிஞ்சதுமே தெரிஞ்சிருச்சு. காலமெல்லாம் எல பாத்தவன், ரெண்டு எல ஒண்ணா நின்னா தெரியாதா? நம்ம கையாலயே கெடுத்துட்டமேன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. ஒரு வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போய்ட்டு வந்து, அந்தக் கீழ்க் கொப்ப எடுத்துறணும்னுதான் கெளம்புனேன். மழன்னு திரும்பி வந்தா, நீங்க தொங்குற கொப்ப வெட்டிக்கிட்டு நிக்கிறீங்க. சரி, பாக்கப் பாக்க மனசு தாங்கல போல, அதான் அவ மரத்த எடுத்துர்றாருன்னு நெனச்சேன். நான் என்னத்தச் சொல்ல? உங்க வீடு."

அன்று நடந்ததை அப்போதுதான் சொன்னேன். எந்தக் கொப்பில் கத்தரி வைத்தேன், கேட் சத்தம் கேட்டதும் எதை வெட்டினேன், கடைக்காரர் முன்பே என்ன சொன்னார் என்று எல்லாம். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டார்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மாப்புள."

"நீங்களும் சொல்லியிருக்கலாமே மாமா."

அவர் டீக் கோப்பையைத் திரும்பவும் கையில் எடுத்தார்.

"அவ இருந்திருந்தா சொல்லியிருப்பா" என்றார்.

அந்த மரத்தை நாங்கள் வெட்டவில்லை. மழை விட்டதும் அவர் கத்தியோடு, நான் ஏணியோடு, இரண்டு பேரும் சேர்ந்து அதற்குக் கவாத்து வெட்டுகிறோம். எங்கே வெட்ட வேண்டும், எங்கே விட வேண்டும் என்று ஒவ்வொன்றையும் ஒருவரையொருவர் கேட்டுத்தான் செய்கிறோம். முடிச்சின் மேலே காய்ந்து நிற்கிற கட்டைகளை மட்டும் இரண்டு பேரும் தொடுவதில்லை.