பக்கத்து சீட்டு பிரேக்

பிரேக் மாஸ்டர் என்றால் நாலு தெருவுக்கும் தெரியும். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் இருபத்தொன்பது வருஷமாக வேலை. அந்தப் பள்ளி வண்டிகளில் பக்கத்து சீட்டுக்காரர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் கோட்டை விட்டால் மாஸ்டர் மிதித்து நிறுத்திக்கொள்ளலாம். மற்ற மாஸ்டர்கள் ஒரு நாளைக்கு நாலு தடவை மிதித்தால் அதிகம். இவர் தெருமுனை திரும்புவதற்குள் நாலு மிதித்துவிடுவார். அதனால் வந்த பெயர் அது. சொந்தப் பெயர் மாமியாருக்கே மறந்துபோய், அந்த அம்மாள் கடைசிவரை "பிரேக் மாப்பிள்ளை சாப்பிட்டாச்சா" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவரிடம் ஓட்டக் கற்றவர்களில் சொந்தக்காரர்களை மட்டும் திரட்டினாலே ஒரு பஸ் நிறையும். மூத்த அண்ணன் மகள், அவள் புருஷன், அந்தப் புருஷனின் சித்தப்பா, சித்தப்பாவுக்குச் சம்பந்தியான பல் டாக்டர் என்று ஒருத்தர் விடாமல் லைசன்ஸ் வாங்க வைத்தவர். சொந்த மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தது மட்டும் ஒரே ஒரு நாள், அதுவும் முக்கால் மணி நேரம். கல்யாணமாகி ஐந்தாம் வருஷம் அது. பத்தொன்பதாவது தடவை அவர் பிரேக்கை மிதித்தபோது அவள் நடுரோட்டிலேயே இறங்கி, சாவியை அவர் மடியில் போட்டுவிட்டு, நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். பதினெட்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. இரண்டு வயது மகள்தான் தூது. "அப்பாவுக்கு உப்பு வேணுமான்னு கேளு" என்று அனுப்பினால், அது உப்பு டப்பாவையே தூக்கிக்கொண்டு போய் அவர் தட்டில் கவிழ்க்கும்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பைத்தியம், கார் ரேஸ். ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். வளைவு வரும்போதெல்லாம் வலது கால் தானாக அழுத்தும். அந்தக் கால் படுகிற இடத்தில் மட்டும் தரை விரிப்பு தேய்ந்து நூல் தெரிந்தது. நேரில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்வதைக் கேட்க வீட்டில் ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஒரு நாள் காலையில் போன் பண்ணினாள்.

"அப்பா, ரேஸ் இந்த வருஷம் நம்ம பக்கம் வருது. கார்ல மூணு மணி நேரம்தான். உங்களுக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் எடுக்கப்போறேன். வெள்ளிக்கிழமை பழகுவாங்க, சனிக்கிழமை யார் முன்னாடி நிக்கிறதுன்னு பாப்பாங்க, ஞாயித்துக்கிழமை ரேஸ்."

"வெள்ளிக்கிழமை பழகுறாங்களா? அப்ப பக்கத்துல யார் உக்காருவா?"

"யாரும் உக்கார மாட்டாங்கப்பா. ஒரே சீட்டுதான்."

மாஸ்டருக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. "சரி, சனி ஞாயிறு போதும்" என்றார்.

"எந்த இடத்துல உக்காருறீங்க? எல்லாரும் நேர் ரோடு பக்கம்தான் எடுக்கறாங்க. ஸ்பீடு அங்கதான்."

"ஸ்பீடா போறதுல என்ன இருக்கு, காலை வெச்சு அழுத்தினா எவனும் போவான். நிறுத்தத் தெரியணும். ரொம்ப மோசமான வளைவு எதுவோ, அதுக்கு நேரா ரெண்டு சீட்டு போடு."

அன்று முதல் வீட்டில் வேறு பேச்சு இல்லை. மாணவர்களின் வருகை அட்டைக்குப் பின்பக்கத்தில் திட்டம் எழுதினார். மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என்று இரண்டு தொப்பி, உட்கார மெத்தை, காதில் அடைக்கப் பஞ்சு, பஞ்சு தொலைந்தால் வேறு பஞ்சு. மூணு மணி நேரப் பயணத்துக்கு அவர் ஒதுக்கியது ஏழு மணி நேரம். அட்டையின் கடைசி வரியில் "வண்டி ஓட்டுபவர்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டு விட்டிருந்தார். அந்தக் கோட்டில்தான் எல்லாம் மாட்டிக்கொண்டது.

ரேஸ் நடக்கிற இடத்துக்குப் பஸ் போகாது. பள்ளி வண்டியை முதலாளியிடம் கேட்டார். ஊர் எல்லை தாண்டினால் இன்சூரன்ஸ் செல்லாது என்று அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அடுத்தது மைத்துனன். மனைவிக்குக் கூடப் பிறந்தவர்கள் ஐந்து பேர், அதில் கடைக்குட்டி இவன். ரொட்டிக் கடைகளுக்குச் சரக்குப் போடும் வேன் ஓட்டுகிறவன், வீட்டில் சின்னதாக ஒரு காரும் உண்டு. "நான் கூட்டிட்டுப் போறேன் அத்தான், இது ஒரு விஷயமா" என்று அவன் நெஞ்சைத் தட்டிச் சொன்னான். எதற்கும் ஒரு வெள்ளோட்டம் பார்ப்போம் என்று இருவரும் மார்க்கெட் வரைக்கும் கிளம்பினார்கள்.

முதல் முனையிலேயே மாஸ்டர் வெறும் தரையை மிதித்தார். "பாத்து, பாத்து."

"பாத்துட்டுதான் அத்தான் இருக்கேன்."

"அந்த லாரி."

"அது நிக்குது அத்தான். ஓரமா நிக்குது. டிரைவர் டீ குடிச்சிட்டிருக்கார்."

"டீ குடிக்கிறவன் எந்த நிமிஷமும் குடிச்சு முடிப்பான்."

மார்க்கெட் வந்தது. மைத்துனன் வண்டியை ஓரம் கட்டினான். முகமெல்லாம் வேர்த்திருந்தது. "அத்தான், தினமும் நாப்பது கடைக்குச் சரக்கு இறக்குறேன், இப்படி வேர்த்ததில்ல. காரை எடுத்துக்குங்க, ரேஸ் முடியறவரைக்கும் வெச்சுக்குங்க. என்னை மட்டும் விட்டுடுங்க" என்று சாவியைக் கையில் திணித்தான்.

கார் கிடைத்தது, டிரைவர் போனான். மாஸ்டர் அசரவில்லை. ஊருக்கே சொல்லிக்கொடுத்தவன், நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று முடிவெடுத்தார். மறுநாள் விடிந்ததும் முழுச்சட்டை போட்டுக்கொண்டு போய் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். அந்த இடத்தில் உட்கார்ந்து இருபத்தொன்பது வருஷம் ஆகிறது. கண்ணாடியைச் சரிபண்ணினார். பெல்ட்டைப் போட்டார். பிறகு பக்கத்து சீட்டைப் பார்த்து, "சரி, வண்டியை எடுங்க" என்றார்.

அங்கே யாரும் இல்லை.

தன்னைத்தானே கடிந்துகொண்டு எடுத்தார். "கிளட்சை மெதுவா விடுங்க" என்று வாய் சொன்னது, கால் கேட்கவில்லை. வண்டி தவளை மாதிரி ரெண்டு தாவு தாவி நின்றது. "எத்தனை தடவை சொல்றது" என்று யாரையோ திட்டினார். திட்டு வாங்கியதில் கியர் வேறு தப்பாக விழுந்தது. தெருமுனைக்குப் போவதற்குள் மூணு தடவை நின்றுவிட்டது. நாலாவது தடவை பால்காரர்தான் பின்னாலிருந்து தள்ளி வீட்டு வாசலில் சேர்த்தார். பால்காரரும் மாஸ்டரிடம் கற்றவர். அதனால் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்.

ஜன்னலுக்குப் பின்னால் நின்று மனைவி அவ்வளவையும் பார்த்தாள்.

ரேஸுக்குப் பத்து நாள் இருந்தது. மாஸ்டர் போனை எடுத்து மகளிடம், "டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்துடும்மா. டிவியில பாத்தாலும் அதே வண்டிதானே" என்றார். சொல்லிவிட்டு, தேய்ந்த விரிப்பைக் காலால் நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மனைவி உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து அவருடைய டீ டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டையை வைத்தாள்.

"என்னது இது?"

"லைசன்ஸ்."

"யாரோடது?"

"போட்டோ இருக்கில்ல, பாருங்க."

பார்த்தார். அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார். ரெண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி போட்டிருந்தது.

"எங்க கத்துக்கிட்ட?"

"அடுத்த தெருவுல."

அடுத்த தெருவில் இருப்பது போட்டிப் பள்ளி. சிவப்பு வண்டிகள். அந்தப் பள்ளிக்காரன் பெயரை எடுத்தாலே மாஸ்டருக்குச் சாப்பாடு இறங்காது.

"அந்தச் சிவப்பு வண்டிக்காரன்கிட்டயா?"

"செவ்வாய், வியாழன். தையல் வகுப்புன்னு சொல்லிட்டுப் போனேன்."

"அதான் ஒரு தலையணை உறைகூடத் தைக்கல."

"நீங்க கேக்கவும் இல்ல."

"அவன் சொல்லிக்குடுத்த டிரைவிங்ல நான் உக்காரவா? எனக்கு உசிரு மேல ஆசை இருக்கு."

அவள் துடைத்த இடத்தையே துணியால் திரும்பத் துடைத்தாள். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வியாழக்கிழமை சாப்பிடும்போது சொன்னீங்க. ரவுண்டானாவுல ஒரு சிவப்பு வண்டி உங்களுக்கு வழி விட்டுச்சாம். கை, கண்ணு, கால் எல்லாம் அதது இடத்துல இருந்துச்சாம். அது யாரோ, அந்தப் பள்ளியில இருக்கவேண்டிய ஆளே இல்லைன்னீங்க."

மாஸ்டருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இருபத்தொன்பது வருஷத்தில் அவர் ஒரு டிரைவரைப் புகழ்ந்தது அந்த ஒரு தடவைதான்.

"அது நீயா?"

"கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேன்."

"அன்னைக்கு எனக்கு ரெண்டு கரண்டி சோறு கூடப் போட்ட."

"போட்டேன்."

மாஸ்டர் மறுபடியும் போனை எடுத்தார். "டிக்கெட் இருக்கட்டும்மா. உங்கம்மா ஓட்டுறா." அந்தப் பக்கம் மகள், "சொல்லிட்டாங்களா?" என்றாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. வீட்டில் தெரியாமல் இருந்த ஒரே ஆள் மாஸ்டர்தான்.

ஆனால் அட்டையைக் காட்டினால் கால் அடங்கிவிடுமா. ஒத்திகைக்கு அவரைப் பின் சீட்டில் உட்காரவைத்தாள். முதல் திருப்பத்திலேயே அவள் முதுகில் ஒரு உதை விழுந்தது, ரெண்டாம் திருப்பத்தில் இன்னொன்று. வீட்டுக்கு வந்ததும் அவள் நேராகப் பழைய வண்டி பிரிக்கும் மெக்கானிக்கிடம் போனாள். சாயங்காலம் வரும்போது கையில் ஒரு மரப்பலகை. அதில் பழைய பிரேக் பெடல் ஒன்றை ஸ்பிரிங்கோடு சேர்த்து முடுக்கியிருந்தார்கள்.

"முன்சீட்டுலயே உக்காருங்க. இதைக் காலுக்குக் கீழ போட்டுக்குங்க. எவ்வளவு வேணும்னாலும் மிதிங்க, வண்டிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

"என்னை என்ன குழந்தைன்னு நெனச்சியா?"

"குழந்தை உதைச்சா இவ்வளவு வலிக்காது."

அவர் முகத்தை ஒரு முழம் தூக்கிவைத்துக்கொண்டார். இருந்தாலும் காலை வைத்து ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். "ஸ்பிரிங் நல்லா இருக்கு" என்றார்.

சனிக்கிழமை விடியலில் கிளம்பினார்கள். காதுக்கென்று வாங்கிய பஞ்சில் ஒரு துண்டை அவள் வீட்டு வாசலிலேயே, அவர் பக்கத்துக் காதில் வைத்துக்கொண்டாள். வழி நெடுகப் பலகை கிறீச் கிறீச் என்றது. வண்டி அது பாட்டுக்குப் போனது. ஒதுக்கிய ஏழு மணி நேரத்தில் நாலு மிச்சம். அந்த நாலு மணி நேரமும் கேட் திறக்கக் காத்திருந்தார்கள்.

அன்று மதியம் மாஸ்டர் பலகையைக் காரிலேயே விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். முதல் கார் வளைவுக்கு வந்ததும், முன் வரிசையில் இருந்த ஒரு அம்மாளின் நாற்காலிக்கு உதை விழுந்தது. அந்த அம்மாள் மூணு தடவை திரும்பிப் பார்த்தாள். நாலாவது தடவை இடத்தையே மாற்றிக்கொண்டாள். மனைவிக்கு மானம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவளே பலகையைப் பையில் போட்டு எடுத்து வந்தாள்.

கேட்டில் பையைச் சோதித்த காவலாளி அதை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னம்மா?"

"பிரேக்."

"எந்த வண்டிக்கு?"

"வண்டிக்கு இல்லைங்க. எங்க வீட்டுக்காரருக்கு."

காவலாளி மாஸ்டரை ஒரு பார்வை பார்த்தார், அவர் காலை ஒரு பார்வை பார்த்தார், உள்ளே விட்டுவிட்டார்.

ரேஸ் தொடங்கியது. சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே புகுந்து அதிர்ந்தது. டிவியில் இப்படி ஒன்று இருப்பதாக யாரும் சொன்னதில்லை. நேர் ரோட்டில் கண்ணுக்கே அகப்படாமல் வந்த கார்கள், அவருக்கு எதிரே வந்ததும் மூக்கைத் தாழ்த்தி அடங்கின. ஒவ்வொன்றுக்கும் மாஸ்டர் மிதித்தார். மிதித்தார், நின்றது. மிதித்தார், திரும்பியது. பத்தாவது சுற்றுக்குள் பக்கத்து வரிசைகளும் பழகிக்கொண்டன. கிறீச் என்றதும் எல்லாரும் வளைவைப் பார்த்தார்கள். கார் தூரத்தில் புள்ளியாக இருக்கும்போதே மாஸ்டர் கால் எந்த நொடியில் அழுத்துகிறதோ, மிகச் சரியாக அதே நொடியில்தான் ஓட்டுகிறவனும் அழுத்தினான்.

முப்பதாவது சுற்றில் ஒரு மஞ்சள் கார் மட்டும் அடங்காமல் வந்தது. வந்த வேகத்திலேயே நேராகப் போய், வளைவுக்கு வெளியே கொட்டியிருந்த ஜல்லிக்குள் புதைந்தது. ஓட்டியவன் சுகமாக இறங்கி நடந்தான். வரிசை மொத்தமும் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தது.

"நான் மிதிச்சேன்" என்றார் மாஸ்டர்.

கடைசிச் சுற்றில் ஸ்பிரிங் அறுந்துபோனது.

திங்கட்கிழமை காலையில் வீடு திரும்ப வேண்டும், பலகை உயிரை விட்டுவிட்டது. மாஸ்டர் ஏறி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டாள். முதல் வளைவில் வெறும் தரையில் கால் ஊன்றியது. ரெண்டாம் வளைவிலும் ஊன்றியது. பெட்ரோல் பங்க் தாண்டி வெகுதூரம் வந்த பிறகுதான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. பஞ்சை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். மாஸ்டர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். ஓடுகிற வண்டியில் அவர் கண்ணை மூடியதை அதுவரை ஒருத்தரும் பார்த்ததில்லை.

வீட்டு வாசலில் கைப்பிரேக் போடும் சத்தத்துக்கு முழித்தார். கால் பதறிப்போய்த் தேடியது. பிறகு கதவைத் திறந்து கீழே எட்டிப் பார்த்தார்.

"சுவத்துலேர்ந்து ஒரு அடி தள்ளி நிக்குது. அந்தச் சிவப்பு வண்டிக்காரன் இதைச் சொல்லித்தரலயா?"

அவள் சாவியைப் பிடுங்கி அவர் மடியில் போட்டாள். இருபத்துமூணு வருஷத்துக்கு முன்னால் போட்ட அதே மாதிரி.

மாஸ்டர் சாவியைப் பார்த்தார். எடுத்தார். அவள் கையிலேயே திருப்பி வைத்தார்.

"கொஞ்சம் பின்னால எடுத்து நிறுத்து. நான் எறங்கி நின்னு பாக்கறேன்."

இறங்கிக் கதவைச் சாத்திவிட்டுத் தள்ளி நின்றார். வண்டிக்குள் அவரும் இல்லை, அவர் பலகையும் இல்லை. அவள் கண்ணாடியைப் பார்த்துப் பின்னால் எடுத்தாள். சுவரை ஒட்டி வரும்போது தெருவில் நின்ற அவருடைய வலது கால் மட்டும் தரையை ஒரு அழுத்து அழுத்தியது. அதற்கு முன்பே வண்டி நின்றிருந்தது.