பானுவை எப்போது இறக்குவது

ஈஸ்வரன் நல்லவர். போர்ட் பிளேரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அந்த நல்ல பெயரை அவர் கட்டிக் காத்த கதைதான் இது. கேட்டால் வயிறு எரியும்.

பரமக்குடியிலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்தவர். ஆபீஸ் விட்டால் நேரே டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியிலுள்ள கூடைப்பந்து மைதானம். பெண்கள் அணிக்குச் சம்பளமில்லாத கோச். வந்த புதிதில் ஒரு போட்டியில் மூன்று தமிழ்ப் பெண்களை முதல் ஐந்தில் இறக்கினார். மூன்று பேரும் தகுதியானவர்கள்தான். கூட்டத்தில் ஒருவன், "யே க்யா தமிழ் டீம் ஹை?" என்று, இதென்ன தமிழ் டீமா எனக் கத்த, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. அன்றோடு ஆட்டத்தைப் பார்ப்பதை விட்டு ஆளின் பாஷையைப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு பெங்காலி, ஒரு தெலுங்கு, ஒரு மலையாளி, ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி, இங்கேயே பிறந்து இந்தி பேசும் ஒரு லோக்கல். ஐந்து ஆயிற்று. தமிழுக்கு? அதான் கோச்சே தமிழாயிற்றே, போதாதா!

இதில் அடிபட்டவள் பானு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு, கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிய குடும்பம். அப்பா செத்துப் போன பிறகு அம்மா மருதாயியோடு போர்ட் பிளேர் புரோத்ராபூரில் இருந்தாள். பனைமரம் மாதிரி உயரம். கூடைக்கடியில் அவள் நின்றால் பந்து வேறு கைக்குப் போகாது. ஆனால் எந்த ஆட்டத்திலும் பாதி முடியும்வரை பெஞ்ச்தான். அணி தோற்கிற நிலைக்கு வந்ததும் ஈஸ்வரன் கைகாட்டுவார். அவள் இறங்கிக் கரை சேர்ப்பாள்.

"நீ நம்ம ட்ரம்ப் கார்டும்மா. அதை முதல்லயே எறக்குவாங்களா?" என்பார். பொய்யென்று அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அந்த மே மாதம் மெயின்லேண்டிலிருந்து ஆட்டம் பார்த்து ஆள் எடுக்க இரண்டு தேர்வாளர்கள் வந்தார்கள். தேர்வானால் சென்னையில் விளையாட்டு விடுதி, படிப்பு, சாப்பாடு எல்லாம் இலவசம். அடுத்த வருடம் பானுவுக்கு வயது தாண்டிவிடும்.

"சார், இன்னைக்கு மட்டும் என்னைய மொதல்ல எறக்குங்க" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் வாய் திறந்து கேட்டது அதுதான்.

இறக்குவதாகத்தான் நினைத்திருந்தார். அந்த நேரம் பார்த்துக் கமிட்டிக்காரர் ஒருவர் தோளில் தட்டி, "ஈஸ்வரன்ஜி, ஆஜ் தோ சப் தமிழ் ஹோகா, க்யா?" என்று சிரித்தார். இன்று எல்லாம் தமிழ்தானா என்று வெறும் கேலி. மனுஷனுக்கு வியர்த்துவிட்டது. வழக்கமான ஐந்து பேரையே இறக்கினார்.

இரண்டாவது குவார்ட்டர் முடியும்போது ஆட்டம் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஈஸ்வரன் கைகாட்டினார். பானு ஜெர்சிக்கு மேலே போட்டிருந்த சட்டையைக் கழற்றிவிட்டு ஸ்கோர் மேஜைக்கு ஓடினாள். அவள் கோட்டைத் தாண்டுவதற்குள் மழை கொட்டியது. சிமெண்ட் தரை வழுக்கியது, விசில் ஊதினார்கள், ஆட்டம் அவ்வளவுதான். தேர்வாளர்களுக்கு மறுநாள் காலை ஃபிளைட். பார்த்தவரைக்கும் போதுமென்று பெங்காலிப் பெண்ணையும் மலையாளிப் பெண்ணையும் எடுத்துக்கொண்டார்கள்.

ஈஸ்வரன் நனைந்துகொண்டே அவர்கள் கார் கதவைப் பிடித்தார்.

"சார், இன்னொரு பொண்ணு இருக்கா. இவங்க எல்லாரையும்விட நல்லா ஆடுவா."

"அவ்வளவு நல்லா ஆடுற பொண்ணு ஏன் பெஞ்ச்ல இருந்தா?" என்றார் ஒருவர்.

ஈஸ்வரன் கதவிலிருந்து கையை எடுத்தார். கார் கிளம்பியது.

அதன் பிறகு பானு மைதானத்துக்கு வரவில்லை. புரோத்ராபூருக்குத் தேடிப் போனார். வாசலில் மருதாயி பாக்கு உரித்துக்கொண்டிருந்தாள். பானு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம்.

"எல்லாருக்கும் சமமா இருக்கணும்னு நெனச்சேம்மா. தமிழ் கோச் தமிழ்ப் பொண்ணத் தூக்கி விடுறான்னு ஒரு பேச்சு வந்துரக் கூடாதுன்னுதான்..."

மருதாயி கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஒங்களுக்கு நல்ல பேரு வேணுமின்னா ஒங்க வீட்டுல இருந்து எடுத்துக் குடுத்துருக்கலாமே சார். எம் மவ வாழ்க்கைதான் கெடச்சுதா?"

ஈஸ்வரன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். ஊரில் இன்றும் அவருக்கு நல்ல பெயர்தான்.