அக்கா பக்கத்தில் ஒரு காலியிடம்

சித்தப்பா கல்யாணப் புகைப்படக்காரர். எந்த மண்டபத்திலும் முதலில் ஜன்னலைத்தான் பார்ப்பார். "மாப்பிள்ளை ஓட மாட்டான், வெயில் ஓடிடும்" என்பார்.

அக்கா கல்யாணத்துக்கு நான் வரவில்லை. ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தேன். குடும்பப் படத்தில் அக்கா பக்கத்தில் எனக்கு இடம் விட்டே எடுத்திருந்தார். மூன்று வருடம் கழித்துத் திரும்பியதும், அதே மண்டபத்துக்கு, அதே காலை வெயிலுக்கு அழைத்துப் போனார்.

"இங்க நில்லு. உன்னை ஒட்டிட்டா யாருக்கும் தெரியாது."

படத்தைக் காட்டினார். எல்லோரும் கேமராவைப் பார்க்க, அக்கா மட்டும் வேறு பக்கம் பார்த்தாள்.

"எங்க பாக்குறா?"

"வாசலைத்தான். கடைசி நிமிஷத்துல தங்கச்சி ஓடி வருவா, அவ புத்தி எனக்குத் தெரியாதான்னு சிரிச்சா."

"ஒட்ட வேணாம் சித்தப்பா. நான் வரலைதானே" என்று ஜன்னல் வெளிச்சத்தை விட்டு நகர்ந்தேன்.