பக்கத்து வீட்டில் பகல் தூக்கம்

என் பிள்ளைகளின் தொண்டையால் நாங்கள் இரண்டு வீடுகளைக் காலி செய்திருக்கிறோம். இதைச் சொல்லிக்கொள்ள இப்போது எனக்கு வெட்கமில்லை. அப்போது இருந்தது.

முதல் வீடு திருவள்ளூரில், கோயிலுக்குப் போகிற தெருவில். வீட்டுக்காரர் பெருமாள் கோயில் கைங்கரியத்தில் இருந்தவர். தங்கமான மனுஷர், கோபப்படவே தெரியாது. ஒருநாள் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். "கொழந்தேளும் பெருமாளும் ஒண்ணுதான், ஒத்துக்கறேன். ஆனா பெருமாள் இப்படிக் கத்தமாட்டாரேம்மா!" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கத்தியதைக்கூட அவர் பொறுத்திருப்பார், நான் சிரித்ததைப் பொறுக்கவில்லை. அடுத்த மாதம் காலி செய்தோம்.

இரண்டாவது வீடு கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கம். பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் காய்வதற்குள் என் மகன்கள் இரண்டு பேரும் சேற்றில் கையை முக்கி முக்கிச் சுவர் முழுக்க அச்சு வைத்துவிட்டார்கள். அதுவும் சும்மா இல்லை, ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு கூச்சல். அந்த வீட்டுக்காரர் பஞ்செல்லாம் வைத்துக்கொண்டு வரவில்லை. நேராகவே சொல்லிவிட்டார்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிக்கு ஒவ்வொரு கம்பெனியாக வந்துகொண்டிருந்த நேரம் அது. போன வருஷம் வேர்க்கடலை போட்டிருந்த நிலத்தில் இந்த வருஷம் சிமென்டுத் தூண் நிற்கும். வேலை கிடைத்துவிடும், வீடு கிடைக்காது. என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் ஸ்டோரில் இருந்தார். எங்கெங்கோ அலைந்து மூன்றாவதாக ஒரு வீடு பிடித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர், என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"இந்த ஊடும் போச்சின்னா என்னால ஆவாது. நீ புள்ளைங்கள இட்டுக்கினு திருவாலங்காட்டுக்கு உங்கம்மா ஊட்டுக்குப் போயிடு. நான் யாரு ரூம்லனா படுத்துக்கிறேன். ஞாயித்துக்கெயமை வந்து பாக்குறேன்."

எங்களுக்கு மூன்று பிள்ளைகள். பெரியவள் ஒரு பெண், அடுத்து இரண்டு பையன்கள். கடைக்குட்டிக்கு மூன்று வயது நிறையவில்லை, அப்பா மார்பில் படுத்தால்தான் அவனுக்குத் தூக்கம். அவனை வாரத்துக்கு ஒருநாள் அப்பாவிடம் காட்டுவதா? எப்பாடு பட்டாவது இந்த வீட்டில் இருந்துவிடுவது என்று நான் அன்றைக்கே தீர்மானம் செய்துவிட்டேன்.

வீட்டுக்கார அம்மா முன்கட்டில் இருந்தார். பின்னால் இரண்டே வீடுகள். ஒன்றில் நாங்கள், ஒட்டினாற்போல் இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே ஓட்டுக்கூரை, நடுச்சுவர் கூரைவரை எட்டாது. அங்கே தும்மினால் இங்கே நாம் நூறு வயசு சொல்லலாம். பின்புறம் பொதுவாக ஒரு அடிபம்பு, நல்ல அகலமான வெட்டவெளி, இன்னொரு வீடு கட்டுவதற்காகக் கொட்டிவைத்த செம்மண்ணும் மணலும். பிள்ளைகள் அந்த மணல்மேட்டைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணப் பந்தியைப் பார்ப்பதுபோல. அதற்குள் வீட்டுக்கார அம்மா கையை நீட்டி அந்தப் பக்கத்து வீட்டைக் காட்டினார்.

"அந்த நைனா இரும்புக் கம்பி போடுற ரோலிங் மில்லுல நைட்டு டூட்டி. நெருப்புல வேல. பகல்ல படுத்தாத்தான் உண்டு. பெண்சாதி பிரசவத்துக்குப் போயிருக்குது. சத்தம் கித்தம் கேக்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்."

பக்கத்து ஊர் விவசாயக் கூலிக் குடும்பத்திலிருந்து மில்லுக்கு வந்த பையன் அவன். நிலைப்படியில் ஒரு சின்னச் சிலுவை ஆணியடித்திருக்கும். விடிந்த பிறகு சைக்கிளில் வருவான், பம்படியில் கரியைக் கழுவுவான், வாங்கிவந்த நாஷ்டாவைத் தின்றுவிட்டுக் கதவைச் சாத்துவான். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அந்தக் கதவு சாத்தியதும் எங்கள் வீட்டில் வாயெல்லாம் சாத்திக்கொள்ளும்.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. புளியங்கொட்டை உருட்டினால் தரையில் சத்தம் வரும் என்று பழைய புடவையை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் ஆடச் சொன்னேன். ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, மணல்மேட்டுப் பக்கமே போகக்கூடாது, போனால் கூச்சல் வரும். பெரியவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் தம்பிகளிடம் கைஜாடையில் பேசுவாள். நான் வாயில் விரல் வைத்து வைத்தே பாதி நாள் போகும். தெருவில் எல்லாரும், "உன் புள்ளைங்க எம்மாம் ஒயுங்கு!" என்றார்கள். வாய்க்காரி என்று பேர் வாங்கியவள் நான், என் பிள்ளைகளுக்கா இப்படி ஒரு பேர் என்று பூரித்துக்கூடப் போனேன். அறிவு கெட்டவள்.

ஒருநாள் கடைக்குட்டி பம்படியில் வழுக்கி விழுந்தான். முழங்கால் பிளந்து ரத்தம். நான் ஓடுகிறேன். அவன் வாயைத் திறந்திருக்கிறான், முகமெல்லாம் சிவந்திருக்கிறது, கண்ணிலிருந்து தாரையாகக் கொட்டுகிறது, நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடுகிறது, ஆனால் சத்தம் மட்டும் வரவில்லை. கண் பக்கத்து வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சத்தமில்லாமல் அழ நான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவனாகக் கற்றுக்கொண்டிருந்தான்.

சரி, இவ்வளவு செய்தோமே, வீடாவது தங்கியதா? மாசக் கடைசி நெருங்குகிறபோது வீட்டுக்கார அம்மா வந்து நின்றார்.

"அந்த நைனா வந்து சொல்லிட்டுப் போச்சு. நீங்க வந்ததுலேர்ந்து பகல்ல கண்ண மூட முடியலயாம். மூஞ்சே இத்துப்போய்க் கெடக்குது. வேற ஊடு பாத்துக்கோம்மா."

"நாங்க மூச்சு உடற சத்தமாச்சும் உங்களுக்குக் கேட்டுச்சா?" என்று கேட்டேன். குரல் எனக்கே தெரியாமல் உயர்ந்துவிட்டது.

"எனக்குக் கேக்கல. அந்தப் புள்ளைக்குக் கேக்குதே! நெருப்புல வேல செய்யுறவன், தூக்கக் கலக்கத்துல ஏதாச்சும் ஆயிப்பூட்டா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு ராத்திரி என் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மார்பின்மேல் கடைக்குட்டியைப் போட்டுக்கொண்டு அவர் நிம்மதியாகத் தூங்கினார். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

அந்த வாரமே ஒருநாள் நல்ல மழை. பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். மழை கொஞ்சம் விட்டதும் பின்பக்கம் எட்டிப்பார்த்தேன், செம்மண் கரைந்து வெட்டவெளி முழுக்கக் குழம்பாக நிற்கிறது. மூன்று பிள்ளைகளும் வாசற்படியில் வரிசையாக உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு மூச்சு இல்லை. எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! யார்மேல் என்றுகூடத் தெரியாத கோபம். இப்படிப் பொத்திப் பொத்தி வைத்தும் துரத்தத்தானே போகிறார்கள்? போகிறதுதான் போகிறோம், என் பிள்ளைகள் ஆடிவிட்டாவது போகட்டும்.

"போங்க! போய் ஆடுங்க! எவ்ளோ சத்தம் வருதோ அவ்ளோ கத்துங்க!" என்றேன்.

ஒருவரும் அசையவில்லை. நான் ஏதோ சோதிக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். பெரியவளைப் பிடித்துச் சேற்றில் தள்ளினேன். தொபீர் என்று விழுந்தவள் ஒரு கணம் என்னையே பார்த்தாள், பிறகு வீல் என்று ஒரு கத்து கத்தினாள் பாருங்கள், சந்தோஷத்தில். அவ்வளவுதான், நடுவுலவன் தாவிவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் அங்கே ஒரு கம்பெனியே எழும்பிவிட்டது. செம்மண்ணில் புகைபோக்கி, மணலில் மதில், பப்பாளித் தண்டில் தண்ணீர்க் குழாய். நடுவுலவன்தான் சங்கு. ஊஊஊ என்று அவன் ஊதுகிற ஊதலில் நிஜக் கம்பெனியில் ஷிப்டு மாறியிருக்கும். பெரியவள் தகர டப்பாவைக் கட்டையால் அடித்தாள், அது இரும்பு அடிக்கிற மிஷினாம். கடைக்குட்டி மட்டும் சேற்றைக் கையால் பிசைந்துகொண்டு வாயே திறக்காமல் இருந்தான். தலையிலிருந்து கால்வரை மூன்று பேரும் ஒரே நிறம், எது எந்தப் பிள்ளை என்று கேட்டால் நானே தடுமாறியிருப்பேன்.

நான் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைப் பார்த்துத் தயாராக நின்றேன். திறக்கட்டும், இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம். என்னென்ன கேட்பது என்று மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். கதவு திறக்கவில்லை. சங்கு ஊதியது, டப்பா அதிர்ந்தது, கதவு திறக்கவில்லை. சோறு வடிக்க உள்ளே வந்தேன். அப்போதுதான் நடுச்சுவருக்கு மேலாக அது கேட்டது. குறட்டை. சாதாரணக் குறட்டை இல்லை, மரம் அறுப்பதுபோல. அந்த வீட்டிலிருந்து அதுவரை நான் ஒருநாளும் குறட்டை கேட்டதில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சோறு வெந்ததும் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பம்படியில் நிறுத்தினேன். களைத்துப்போய் ஒன்றும் பேசாமல் நின்றார்கள். தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்தான். படீர் என்று பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. லுங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, தலை கலைந்து, அவன் ஓடிவந்து நின்றான்.

"இன்னாச்சிக்கா? யாருக்கு இன்னா ஆச்சி?"

நான் அடுக்கி வைத்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். "யாருக்கும் ஒண்ணும் ஆவல தம்பி! உனக்கு இப்பதான் திருப்தியா? நாங்கதான் ஊட்டக் காலி பண்றோமே, கடைசியா ஒருநாளு எம்புள்ளைங்க ஆடக் கூடாதா?"

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான். "காலி பண்றீங்களா? இன்னாத்துக்கு?"

"இன்னாத்துக்கா! தூங்க முடியலன்னு நீதானே போய்ச் சொன்ன?"

"ஆமாக்கா, முடியல. மெய்யாலுமே பேஜாராப் பூடுச்சி." அவன் படியில் உட்கார்ந்துகொண்டான். "மில்லுல மிஷின் ஓடிக்கினே இருக்கும். அந்தச் சத்தத்துல நின்னுக்கினே தூங்குவோம்க்கா நாங்க. டக்குன்னு நின்னுச்சின்னு வையி, பழுக்கக் காஞ்ச கம்பி எங்கியோ மாட்டிக்கிச்சின்னு அர்த்தம். யாரு காலுல, யாரு கையிலன்னு தெரியாது. அத்தினி பேரும் ஓடுவோம். அது ஒடம்புல ஊறிப்பூடுச்சி. சத்தம் இல்லன்னா தூக்கிவாரிப் போட்டு முழிச்சிக்குவேன். உங்களுக்கு முன்ன இருந்தவங்க ஒரல்ல மாவு இடிச்சி விப்பாங்க, நாள் முச்சூடும் டொம்மு டொம்முன்னு. ஷோக்கா தூங்குனேன். நீங்க வந்தீங்க, கல்லறை மாதிரி ஆயிடுச்சி. புள்ளைங்க பேசுற மாதிரி கேக்கும், அப்டியே நின்னுபூடும். நின்னா நான் முழிச்சிக்குவேன். இன்னிக்கித்தான்க்கா நல்லா தூங்குனேன். அந்தச் சங்கு ஊதுனது யாரு?"

நடுவுலவன் சேற்றுக் கையைத் தூக்கினான்.

நான் அப்படியே பம்படியில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? அந்தப் பையனும் 'தூக்கம் வரவில்லை' என்பதற்குமேல் சொல்லவில்லை, வீட்டுக்கார அம்மாவும் கேட்கவில்லை. பகலில் தூங்குகிறவனுக்குச் சத்தத்தைத் தவிர வேறு என்ன குறை இருந்துவிட முடியும்?

அவன் சட்டைகூடப் போடாமல் நேராக முன்கட்டுக்குப் போனான். "அவங்க போனா நானும் போறேம்மா" என்று அவன் சொன்னது எனக்குப் பின்புறம்வரை கேட்டது. "இன்னா நைனா கூத்து இது!" என்ற வீட்டுக்கார அம்மா நம்பவேயில்லை. மறுநாள் பிள்ளைகள் ஆடும்போது சத்தமில்லாமல் வந்து அவன் கதவில் காது வைத்துக் கேட்டார். குறட்டையைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கையை விரித்தார். மணலை மட்டும் தெருவரை இறைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குச் சாயங்காலம்தான் என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடிபம்பில் கை கால் கழுவியபடி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எத்தனையோ பேர் எங்களுக்கு நல்லது செய்திருக்கிறார்கள். ஆனால் 'கத்துங்க, எனக்குத் தூக்கம் வரட்டும்' என்று என் பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டவன் அவன் ஒருத்தன்தான். அதை உபகாரம் என்றுகூட அவன் நினைத்ததில்லை. டூட்டி முடிந்து வந்ததும் "இன்னிக்கி கம்பெனி உண்டா?" என்று பிள்ளைகளைக் கேட்பான். உண்டு மாமா என்பார்கள். போய்ப் படுத்துவிடுவான். சாகிறவரை நான் அவனுக்கு நன்றி சொல்வேன்.

ஆனாலும் எனக்கு ஒரு முள் பாக்கியிருந்தது. பெரிய பிள்ளைகள் இரண்டும் அந்த ஒரே நாளில் பழையபடி ஆகிவிட்டார்கள். கடைக்குட்டி ஆகவில்லை. விளையாடுவான், சேற்றில் புரளுவான், சிரிக்கக்கூடச் செய்வான். அடி பட்டால் மட்டும் அதே மாதிரி வாய் திறக்கும், கண் அந்தக் கதவைப் பார்க்கும், சத்தம் வராது. "அழுடா கண்ணு, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிப் பார்த்தேன். இந்தப் பிள்ளையை இப்படியே ஆக்கிவிட்டோமோ என்று நான் கும்பிடாத சாமி இல்லை.

மழைக்காலம் முடிகிற சமயம். ஒருநாள் அவன் காலையிலிருந்து தனியாக உட்கார்ந்து தன் உயரத்துக்கு ஒரு புகைபோக்கி கட்டினான். நடுவுலவன் லாரி ஓட்டிக்கொண்டு வந்தான், எளாவூர் செக்போஸ்ட் லாரியாம், பிரேக் பிடிக்கவில்லையாம். நேராக வந்து புகைபோக்கியின்மேல் ஏறிவிட்டான். கடைக்குட்டி இடிந்துகிடந்த மண்ணைப் பார்த்தான். வாய் திறந்தது. நெஞ்சு தூக்கிப் போட்டது. கண் அந்தக் கதவுப் பக்கம் போனது. நான் சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றேன்.

பிறகு கத்தினான் பாருங்கள். அடி வயிற்றிலிருந்து, ஓடு பறக்கிற மாதிரி, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி. முன்கட்டிலிருந்து வீட்டுக்கார அம்மா ஓடிவந்தார், யாருக்கு என்ன என்று. நான் அவனைச் சேறும் சளியுமாக வாரி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன். அவன் அழுகிறான், நானும் அழுகிறேன். "அழுடா என் ராசா, இன்னும் அழு" என்றேன். பக்கத்து வீட்டிலிருந்து குறட்டை கேட்டுக்கொண்டே இருந்தது.