சுழி விழுந்த மேசைகள்

அந்த மரப்பட்டறையில் அவளைப் பட்டுக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். பதினேழு வருஷமாகத் தேய்ப்புக் கொட்டகையில் வேலை. தச்சர்கள் பொருத்தி அனுப்பும் மேசை, கட்டில், கதவு எதுவானாலும் அவளுடைய வட்டமாகச் சுழலும் தேய்ப்பு மெஷின் ஓடி முடித்த பிறகுதான் பாலிஷுக்குப் போகும். முதலில் எண்பதாம் நம்பர் உப்புத்தாள், அப்புறம் நூற்றிருபது, நூற்றெண்பது, கடைசியில் முந்நூற்றிருபது. ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கீறலை முழுசாக எடுத்துவிட வேண்டும். மிச்சமிருந்தால் வெறும் மரத்தில் தெரியாது; நிறம் ஏறியதும் காட்டிக்கொடுத்துவிடும். மற்றவர்கள் விளக்கைச் சாய்த்துப் பிடித்துக் கீறல் தேடுவார்கள். அவள் இரண்டு விரல்களைப் பலகைமேல் ஓடவிட்டு, "இங்க இன்னும் கொஞ்சம் இருக்கு" என்பாள். இருக்கும்.

போன குளிர்காலத்தில் அந்த விரல்கள் வெளுக்கத் தொடங்கின. காலையில் குழாய்த் தண்ணீர் பட்டால் நுனி சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடும். ரத்தம் திரும்பும்போது ஊசி ஊசியாகக் குத்தும். பிறகு குத்துவதும் நின்றது. ஒருநாள் அடுப்பிலிருந்த பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைத்தாள். பஸ் ஓட்டுநரான கணவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுடலையா உனக்கு?"

"சுடாம என்ன."

அவர் கையைப் பிடித்துத் திருப்பினார். நுனியில் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது.

"முதலாளிகிட்ட சொல்லு. நாள் பூரா அந்த மெஷின் குலுக்குற குலுக்கலுக்கு எந்த நரம்பு தாங்கும்?"

"சொன்னா மெஷினை வாங்கி வேற ஆள் கையில குடுத்துடுவாங்க. அப்புறம் அங்க நான் யாரு?"

அவர் அவள் கையை விட்டுவிட்டார். இடது காது மந்தமானதை டெப்போவில் மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர் அவர்.

அந்த நேரத்தில்தான் ஒரு நூலகத்துக்கான பன்னிரண்டு வாசிப்பு மேசைகள் தேய்ப்புக்கு வந்தன. விளக்கைச் சாய்த்துப் பார்த்திருந்தால் மிச்சமிருந்த கீறல் அவளுக்கே தெரிந்திருக்கும். ஆனால் பட்டுக்கை விளக்கைத் தேடினால் கொட்டகையே திரும்பிப் பார்க்கும். எப்போதும்போல விரலை ஓட்டினாள், தலையை ஆட்டினாள், மேசைகளைப் பாலிஷுக்கு அனுப்பிவிட்டாள்.

பாலிஷ்காரர் அவளைவிடப் பத்து வயது சின்னவர், வாயாடி. "உங்க மேசைமேல ஈ உக்காந்தாக்கூட வழுக்கி விழுந்து இடுப்பொடிஞ்சுடும்க்கா" என்பார். இந்த மேசைகளுக்குக் கருஞ்சிவப்பு நிறம் கேட்டிருந்தார்கள். பூசி, ஒருநாள் காயவைத்து, முதலாளியைக் கூப்பிட்டார். ஐந்து மேசைகளின் முகத்தில் நத்தை ஊர்ந்த தடம்போலச் சின்னச் சின்னச் சுழிகள்.

"என்னய்யா இது? அழுக்குத் துணியால பூசினியா?"

"இல்ல முதலாளி, இது தேய்ப்புலயே இருந்த சுழி. நிறம் பட்டதும் மேல வந்திருக்கு."

"பட்டுக்கை தேச்சதுல சுழியா? புளுகறதுக்கும் ஒரு அளவு வேணாம்?"

பாலிஷ்காரர் அவள் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்களே சொல்லுங்க."

அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நூற்றெண்பதாம் நம்பர் தாள் விட்டுப்போன சுழி.

"தெரியலையே தம்பி" என்றாள்.

மத்தியானத்துக்குள் பாலிஷ்காரரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

ஐந்து மேசைகளும் அவளிடமே திரும்பி வந்தன. அந்த மனிதர் பூசிய நிறத்தை அவளே தேய்த்து எடுக்க வேண்டியிருந்தது. முகமூடியெல்லாம் சிவப்புத் தூள். இந்தத் தடவை விளக்கைச் சாய்த்துத்தான் வேலை செய்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. மேசை கெட்டுப்போனதால் கூடுதல் கவனம் என்று நினைத்தார்கள். அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஐந்தாம் நாள் காலை நேரே முதலாளி அறைக்குப் போனாள்.

"அந்தச் சுழி என்னோடதுங்க. என் விரல் மரத்துப்போயி எட்டு மாசமாச்சு."

முதலாளி நம்பவில்லை. "அந்தாளு மேல பரிதாபப்பட்டுப் பேசறீங்க" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, கொட்டகையிலிருந்து வேறு வேறு நம்பர் தாளில் தேய்த்த இரண்டு பலகைத் துண்டுகளைக் கொண்டுவரச் செய்தார்.

"கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுங்க. எது நயம்?"

தடவிப் பார்த்தாள். கையுறை போட்டுக்கொண்டு தடவுவதுபோல இரண்டும் ஒன்றாகவே இருந்தன. குத்துமதிப்பாக ஒன்றைக் காட்டினாள். முதலாளி துண்டுகளைத் தள்ளி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் அன்னிக்கே சொல்லல?"

"பயம்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் விரல்களில் ஊசியால் குத்திப் பார்த்தார். மெஷினை இனிமேல் தொடக்கூடாது என்றார். போன உணர்ச்சி திரும்புவது சந்தேகம். முதலாளி அவளைப் பொதி கட்டும் பிரிவுக்கு மாற்றினார். பாலிஷ்காரருக்குப் போன் செய்தார், அவர் எடுக்கவில்லை. அவளே வீடு தேடிப் போனாள். அவர் வாசலில் நின்றார், உள்ளே வரச் சொல்லவில்லை.

"தப்பு என்னோடதுன்னு சொல்லிட்டேன் தம்பி. முதலாளி உங்களைத் திரும்ப வரச் சொல்றார்."

"வேற இடத்துல சேந்துட்டேன்."

"மன்னிச்சுடுங்க."

"நீங்க பொய் சொன்னதைக்கூட விட்டுடலாம்க்கா. தம்பின்னு கூப்பிட்டுக்கிட்டே சொன்னீங்க பாருங்க, அதுதான் ஆறல."

பட்டறையில் எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொல்வதாகச் சொன்னாள். "சொல்லுங்க, அது உங்க இஷ்டம்" என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் டீ நேரத்தில் எழுந்து நின்று சொன்னாள். யாரும் திட்டவில்லை. ஒரு தச்சர் மட்டும், "நல்ல மனுஷன்யா அவன்" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போனார்.

இப்போது அவள் மேசை மூலைகளுக்கு அட்டை வைத்து டேப் ஒட்டுகிறாள். டேப்பின் நுனி விரலுக்கு அகப்படுவதில்லை; ஜன்னல் வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்கிறாள். பக்கத்தில் வேலை செய்கிறவள் சில நாள் வாங்கிப் பிரித்துக் கொடுப்பாள். சில நாள் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிடுவாள்.