பொதிக்குள் ஒரு கை

ஸ்ப்ளிட் துறைமுகத்தின் தடுப்புக் கொட்டடியில் யெர்கோ முப்பத்தொரு வருடம் பொதிகளுக்குள் கை விட்டான். வேலையே அதுதான். துருக்கியர் நாட்டிலிருந்து குதிரையில் வரும் கம்பளிப் பொதிகளை வெனிஸுக்குக் கப்பலேற்றுமுன் நாற்பது நாள் நிறுத்தி வைப்பார்கள். தினமும் பொதியின் முனைக்கொருவராக இருவர் வெறுங்கையைத் தோள்வரை நுழைத்துத் துழாவ வேண்டும். உள்ளே கொள்ளைநோய் இருந்தால் துழாவியவன் அக்குளில் கட்டி எழும்பும். அவனைப் புதைத்துவிட்டுப் பொதியை எரிப்பார்கள். வெனிஸ் துரைமார் நிம்மதியாகக் கம்பளி போர்த்த இப்படியொரு ஏற்பாடு. யோசித்த மகராசன் நன்றாக இருக்கட்டும்!

யெர்கோவின் ஜோடி ப்ரானே வாய் ஓயாதவன். "உள்ள எவளாச்சும் ஒளிஞ்சிருந்தா எனக்குடா. உனக்குத்தான் வீட்ல ஒருத்தி இருக்காளே!" என்பான்.

"அப்ப உன் வீட்ல இருக்கிற மாந்தா அண்ணி யாராம்?" என்பான் யெர்கோ.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள், சரக்கோடு வந்த குதிரைக்காரன் காய்ச்சலில் செத்தான் என்று காதில் விழுந்தது. யெர்கோவுக்கு மகள் பிறந்து எட்டு நாள். பயந்துபோய், சாக்குக்கும் கம்பளிக்கும் நடுவே கையை வழுக்கவிட்டு, துழாவுவதுபோல் தோளை ஆட்டினான். ப்ரானே பார்த்தான். தன் முனையில் தோள்வரை கையை நுழைத்தான். பத்தே நாளில் போய்ச் சேர்ந்தான்.

அதன்பின் எந்தப் பொதிக்குள் கை விட்டாலும், முழங்கை தாண்டியதும் ஐந்து விரல்கள் யெர்கோவின் கையைப் பிடித்துக்கொள்ளும். சுடும். பாதிரியார் கம்பளி முடிச்சு என்றார். முடிச்சு சுடுமா?

சனிக்கிழமைதோறும் ப்ரானேயின் மனைவி மாந்தா கொட்டடியின் கம்பிக்கதவில் யெர்கோவுக்குப் பார்லி ரொட்டியும் உப்பு மத்திமீனும் வைத்துவிட்டுப் போவாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்லிவிட நினைப்பான். ரொட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவான்.

போன வாரம் அந்த விரல்கள் விடவே இல்லை. "சொல்லிடறேன்டா" என்று வாய்விட்டு அழுத பிறகுதான் கை வெளியே வந்தது.

சனிக்கிழமை கம்பிக்கதவருகே மாந்தாவை நிறுத்தினான். "அண்ணி, அன்னைக்கு நான் கைய விடல."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"சாகறப்ப அவரு கொட்டடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்திச் சொன்னாரு. நீ போனப்புறம் உன் முனையிலயும் அவரே கைய விட்டாராம். அவனுக்குப் பச்சப்புள்ள, நமக்கு யாரு இருக்கான்னு."

"தெரிஞ்சுமா சோறு போட்ட?"

"அவன் வாயால சொல்ற வரைக்கும் போடுன்னாரு. சொல்லிட்ட. இனிமே நான் வரல, யெர்கோ."

மறுநாள் காலை பொதிக்குள் தோள்வரை கை விட்டான். வெறும் கம்பளி. "போதும்ணே, எடுங்க" என்றான் எதிர்முனைக்காரன். யெர்கோ எடுக்கவில்லை. கன்னம் சாக்கில் உரச, இன்னும் ஆழமாக அந்த விரல்களைத் தேடிக்கொண்டிருந்தான்.