மரியாதைக்குப் போட்ட 'அர்'

உலகச் சண்டை முடிந்து டயர், டியூப் மறுபடி கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்த சமயம் அது. தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் உள்ள சைக்கிள் கடையில் ஒரு பந்தய நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். விடிகாலையில் துறைமுகத்திலிருந்து கிளம்பி, வல்லநாட்டு மலைமேட்டைத் தாண்டி, பாளையங்கோட்டை போய், அதே மேட்டை மறுபடி ஏறி இறங்கி, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். முடியாதவர்களை ஏற்றிவரப் பின்னால் ஒரு லாரி வரும். சைக்கிளால் பிழைப்பவர்கள் சேரக் கூடாது. மற்றபடி, 'கலந்துகொள்ள விரும்புபவர் பெயர் கொடுக்கலாம்' என்று இருந்தது.

நான் பெயர் கொடுக்கப் போனேன். கடை அண்ணாச்சி பென்சிலைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

"ஏளா, இது ஆம்பளைய ஓட்டம்லா."

"நோட்டீஸ்ல அப்படிப் போடலியே அண்ணாச்சி. 'விரும்புபவன்'னு இல்ல, 'விரும்புபவர்'னுதான இருக்கு. அது பலர்பால். அதுல ஆணும் உண்டு, பொண்ணும் உண்டு."

"மரியாதைக்கு ஒரு 'அர்' போட்டா, அதுல வந்து நீ ஏறிக்கிட்டியா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "ஏலே, இனிமே நோட்டீஸ்ல மரியாதையே போடாதீங்கலே!" என்று ஒருவர் கத்தினார். அண்ணாச்சியும் சிரித்தபடியே பென்சிலை எடுத்தார். எங்கள் வீட்டில் இலக்கணம் படித்த முதல் ஆள் நான். அன்று அது, டீச்சர் வேலை தந்து எனக்குச் சோறு போட்டதைவிட இனித்தது.

அப்பா சிரிக்கவில்லை. அவர் தோணியில் பாரம் ஏற்றுகிறவர்.

"பேரு குடுத்துட்ட. சரி. பாதியில எறங்கி லாரியில வந்தேன்னு வையி, மறுநாளே சைக்கிள வித்துப்புடுவேன். ஊரு சிரிக்க நமக்கு ஒரு சைக்கிளு வேண்டாம்."

அது மேற்கம்பி இல்லாத பெண்கள் சைக்கிள். சீமைக்குத் திரும்பிய துறைமுகத்து வெள்ளைக்காரம்மா ஒருத்தியிடமிருந்து வாங்கியது. அதில்தான் நான் ஊருக்கு வெளியே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போய் வந்தேன். நடந்து போக அப்பா விடமாட்டார். சைக்கிள் போனால் வேலையும் போகும்.

புறப்பட்டபோது எல்லாரோடும் சேர்ந்துதான் புறப்பட்டேன். வழியிலுள்ள புதுக்கோட்டை கிராமத்தைத் தாண்டுவதற்குள் தனியாகிவிட்டேன். ஆண்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, ஒருவர் முன்னால் எதிர்க்காற்றை வாங்க, மற்றவர்கள் பின்னால் ஒண்டி மிதித்தார்கள். நான் நெருங்கினால் பேச்சு நின்றுவிடும். எழும்பி மிதித்து முன்னே போய்விடுவார்கள், இல்லையென்றால் ஓரம் கட்டி என்னைப் போகவிடுவார்கள். கல்யாணமாகாத பெண்ணோடு சேர்ந்து வந்தான் என்று பெயர் வாங்க யாருக்கும் தைரியமில்லை. அவர்கள் மேல் கோபப்பட முடியவில்லை. ஆனால் முழுக் காற்றையும் நான் ஒருத்தியே வாங்க வேண்டியிருந்தது.

எங்கள் ஊரில் மேடு என்றால் உப்புக் குவியல்தான். வல்லநாட்டில் சாலை எழும்பியபோது சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றே மிதித்தேன். இறங்கித் தள்ளினாலும் குற்றமில்லை, விதியில் அனுமதி உண்டு. நான் இறங்கவில்லை.

பாளையங்கோட்டையில் ஒவ்வொருவர் கைப்பிடியிலும் ஒரு சிவப்பு நாடா கட்டிவிட்டார்கள், அதுவரை வந்ததற்கு அடையாளமாக. என் முறை வந்தபோது அந்த மனிதர் நாடாவைப் பெஞ்சில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். நானே எடுத்துக் கட்டிக்கொண்டேன். முடிச்சு சரியாக விழவில்லை.

திரும்பும்போது கடற்காற்று எதிரே வந்தது. மேட்டின் உச்சியில் ஒருவர் கால் பிடித்துக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், நீங்க போங்க. லாரி வரும்" என்றார், தலையை நிமிர்த்தாமலே. அந்த லாரியைப் பற்றி நினைக்காமல் இருக்கத்தான் நான் வாய்விட்டு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு இறங்கினேன். வகுப்பில் பிள்ளைகள் பின்னாலேயே சேர்ந்து சொல்லும். இங்கே என் குரல் மட்டும் காற்றில் போயிற்று.

உப்பளங்கள் தெரிந்தபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. கருவாட்டு வாடை முகத்தில் அடித்தது. அழுகை வந்துவிட்டது. துடைக்கக் கையை எடுத்தால் சைக்கிள் சாய்ந்துவிடும் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

துறைமுகத்தில் அண்ணாச்சி வருகிறவர்களுக்கெல்லாம் மணி அடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் அடித்தார். "வந்துட்டாளே!" என்றார், பக்கத்தில் இருந்தவரிடம். என்னிடம் யாரும் பேசவில்லை. தோணிக்காரர்கள் நடுவில் நின்ற அப்பா வந்து சைக்கிளை வாங்கினார். பின் சக்கரத்தை அழுத்திப் பார்த்து, "காத்து எறங்கியிருக்கு. நாளைக்கு அடிச்சி வைக்கேன்" என்றார். விற்கிற சைக்கிளுக்கு யாரும் காற்று அடிக்கமாட்டார்கள். அவர் தள்ளிக்கொண்டு முன்னால் நடக்க, நான் பின்னால் போனேன்.

இரண்டு நாள் கழித்து அடுத்த நோட்டீஸ் வந்தது. முதலில் வந்த மூன்று பேரின் பெயர்கள் பெரிதாக இருந்தன. கீழே ஒரு வரி: 'எல்லையை அடைந்த மற்ற வீரர்களுக்கும் பாராட்டுகள்.' ஒன்றை வாங்கி வந்து அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. என் பெயரின் உருவம் மட்டும் தெரியும்.

"இதுல நீ எங்கன இருக்க?"

அவள் விரலைப் பிடித்து 'வீரர்' மேல் வைத்தேன்.

"இது உன் பேரு இல்லியே."

"பேரு இல்லம்மா. ஆனா இதுக்குள்ள நானும் இருக்கேன்."

அம்மா விரலால் அந்த எழுத்துகளைத் தடவினாள். "வாசிக்கவங்களுக்குத் தெரியுமா?"

பலர்பாலை மறுபடி விளக்க வாயெடுத்தேன்.

"தெரியாது" என்றேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனேன். சக்கரத்தில் காற்று கல் மாதிரி இருந்தது. கைப்பிடியிலிருந்த சிவப்பு நாடாவை நான் அவிழ்க்கவில்லை.